குண்டு மச்சில் தலைகீழாகத் தொங்கிய ஊர்

நட்சத்திரம் தெரிகிற நேரத்தில் காரைக்குடிக்குப் பஸ் கிடையாது. கொத்தமங்கலத்தில் இருந்த நட்சத்திர மாடத்தைப் பார்க்க யாரும் வராததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டால் மட்டும் வேறு காரணம் சொல்வார். "சனங்களுக்கு அறிவுத் தாகம் இல்ல" என்பார். பஸ்ஸின் மேல் போட வேண்டிய பழியைத் தூக்கிச் சனங்கள் தலையில் வைப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

பர்மாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒரு செட்டியார், ஊரே மூக்கில் விரலை வைக்கட்டும் என்று, தன் வீட்டின் மூன்றாம் மாடியில் அந்த மாடத்தைக் கட்டினார். உருண்டையான தகரக் கூரை. அதில் உச்சியிலிருந்து இடுப்பு உயரம் வரை ஒரு நீளத் திறப்பு. சக்கரத்தைச் சுற்றினால் கூரை நறநறவென்று திரும்பும். ஊரில் அதற்குக் குண்டு மச்சு என்று பெயர். உள்ளே சீமையிலிருந்து கப்பலில் வந்த பித்தளைத் தொலைநோக்கி. அதைப் பார்த்துக்கொள்ள தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் இருந்த அறிவியல் வாத்தியாரைப் பேசிக் கூட்டிவந்தார்கள். அவருக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாடத்துக்குக் கீழே ஓர் அறையும் ஓர் அடுப்படியும் எங்கள் குடித்தனம்.

நான் சிவகங்கைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கிணற்று மேட்டில் இருந்த ஆயில் இஞ்சினைக் கழற்றித் துடைத்து மாட்டுவது என் வேலை. அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து ஒரு குழாயின் பக்கத்தில் குடிவைத்து, அதைத் தொடாதே என்றால் எப்படி இருக்கும்? அதற்கு நான் மூத்தாள் என்று பெயர் வைத்தேன். தினமும் மல் துணியால் மூத்தாளைத் துடைத்துவிடுவார். இளையாளை ஏறிட்டுப் பார்க்க நேரம் கிடைக்காது. காரைக்குடிக்குப் போனால் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு முன்னால் போவார். பின்னால் நான், "என்னங்க, சாணி" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவேன். எங்கள் தாம்பத்தியத்தில் பாதிப் பேச்சு அதுதான்.

தப்பித் தவறி யாராவது பார்க்க வந்தாலும் அவர் சும்மா காட்டிவிட மாட்டார். தொடாதே, சாயாதே, பேசாதே என்று வாசலில் ஒரு பலகை. அதைத் தாண்டினால் சூரியன் பிறந்த கதையிலிருந்து ஆரம்பிப்பார். சனி கிரகத்துக்கு வருவதற்குள் வந்தவர் சுவரில் சாய்ந்து தூங்கியிருப்பார். நிலாவில் ஆள் இறங்கிய வருஷம் மட்டும் சுற்று வட்டாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு கொஞ்சம் கூட்டம் வந்தது. "அந்த ஆளுகளைக் காட்டுங்க" என்றார்கள். இவர் நிலாவின் பள்ளங்களைக் காட்டினார். "குண்டும் குழியும் பாக்க இம்புட்டுத் தூரம் வரணுமாக்கும்? எங்க ஊரு ரோட்டுலயே கெடக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று இவர் இரண்டு நாள் புலம்பினார்.

கட்டிய செட்டியார் காலமான பிறகு வீடு மூன்று மகன்களுக்குப் பொது. மூத்தவர் காரைக்குடியில். நடுவுள்ளவர் மதராஸில். இளையவர் மலேயாவில் தொழில் பார்த்தார். அவர் மனைவி ஆச்சிதான் வீட்டில் இருந்து எல்லாவற்றையும் நடத்தினார். மறு வருஷம் ஐப்பசியில் மூத்தவர் வந்து சொன்னார். தை மாதம் முன்னோருக்குப் படைப்புப் போடப் பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். அன்றைக்கு முடிவு செய்து, ஆள் வராத மாடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிவிடலாம்.

அன்று முதல் எங்கள் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. மூத்தாளைத் துடைப்பார், உட்காருவார், மறுபடி துடைப்பார். "இத மூடிட்டா நான் என்னத்துக்கு இருக்கேன்?" என்று ஒரு நாள் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. மூத்தாளைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. சக்களத்திதான் என்றாலும் அவள் போனால் இந்த மனுஷன் மிஞ்ச மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

நடுவுள்ளவரைப் பார்த்துக் கெஞ்சி வருகிறேன் என்று கார்த்திகையில் மதராஸுக்குப் போனார். போகும்போது, "தூசி மட்டும் தட்டு. வேற எதையும் தொடாத" என்றார். அவர் ஏறிய பஸ் திருப்பத்தில் மறைந்ததும் ஆச்சி மாடி ஏறி வந்தார்.

ஆச்சிக்கு நட்சத்திரத்தின் மேல் அக்கறை கிடையாது. "மேல தொட்டி கட்டுனா என் வளவுல ஒழுகும். பர்மாத் தேக்கு வீணாப் போயிரும்" என்றார். வளவு என்றால் அந்த வீட்டின் நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். பிறகு என்னைக் கேட்டார்.

"ஏத்தா வாத்தியாரம்மா, ஒரு சாமான் நல்ல சாமான்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

"எப்படி ஆச்சி?"

"பரப்பணும்! என் கல்யாணத்துல வளவு பூராப் பரப்புனாக. சனம் வரிசை கட்டி வந்து பாத்துச்சு. எவளாச்சும் ஒருத்தி இது எதுக்குன்னு கேட்டாளா? கேக்க மாட்டா. உங்க வீட்டுக்காரக அது எதுக்குன்னு சொல்லிச் சொல்லியே சனத்தை வெரட்டிட்டாக."

அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை, அண்டாவிலிருந்து ஊறுகாய்ச் சாடி வரை, அளவு வாரியாகப் பரப்பி வைத்து ஊருக்குக் காட்டுவார்கள். ஆச்சிக்குக் காட்டுவது என்றால் பரப்புவது. எனக்கோ கை அரித்துக்கொண்டிருந்தது. ஊருக்குப் போய் அப்பாவின் ஸ்பேனர்ப் பெட்டியைக் கொண்டுவந்தேன்.

மூத்தாளைக் கழற்றியதைப் போல ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் அனுபவித்ததில்லை, பின்பும் அனுபவித்ததில்லை. ஆச்சியின் பல்லாங்குழிப் பலகையை வாங்கி, கழற்றிய வரிசைப்படி திருகாணிகளைக் குழி குழியாகப் போட்டேன். எந்தக் குழிக்கு எந்த மூட்டு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆச்சி புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சீமைக்காரன் பூசிய வார்னிஷெல்லாம் போய், குழாய் புதுப் பெண்ணாகப் பளபளத்தது. வளவில் ஜமக்காளம் விரித்து, பெரிய வளையம் முதல் சின்ன மூடி வரை வரிசையாகப் பரப்பினோம். கடைசியில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று ஆச்சி தன் குத்துவிளக்குகள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார்.

சேதி பரவிச் சனம் வந்தது. பகலில் பஸ்ஸுக்கு என்ன குறை? தேவகோட்டையிலிருந்துகூட வந்தார்கள். "எத்தனை கிலோ தேறும் ஆச்சி?" என்றார்கள். "பொண்ணு எந்த ஊரு?" என்றார்கள். ஓர் அம்மாள் மொய் எங்கே எழுதுவது என்று விசாரித்தார். ஒருவர்கூட இது எதற்கு என்று கேட்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் இரண்டு வாரத்தில் கூட்டம் ஓய்ந்திருக்கும். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை மாடியில் நடந்தது.

குழாயின் முகப்பில் இருந்த பெரிய கண்ணாடியை மட்டும் நான் ஆச்சியின் புளியில் விடவில்லை. நல்ல தண்ணீரில் அலசி, மாடத்தின் திறப்பில் கீழ்விளிம்பில் நிறுத்தி வைத்தேன். வெயில் நேராக விழுந்தால் நெருப்புப் பிடிக்கும் என்று தெரியும். அதனால் திறப்பை வடக்கே, தெருவைப் பார்க்கத் திருப்பினேன். புறா வராமல் இருக்க, மிச்சத் திறப்பைச் சாக்குப் படுதாவால் அடைத்தேன். மழைக்காலமாகையால் உள்ளேதான் கொடி கட்டித் துணி காய்ந்தது. கொஞ்ச நேரத்தில் வெயில் அடித்தது. துணியை எடுக்கப் போனால், இருட்டில், எங்கள் வீட்டுக்காரரின் வேட்டியில் கொத்தமங்கலம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆமாம், தலைகீழாக. வர்ணத்தோடு. கோபுரம் கீழ்நோக்கி. ஊருணித் தண்ணீர் மேலே. விரல் உயர மனிதர்கள் தலைகீழாக நடந்துபோனார்கள். மாடு அசைபோட்டது, வால்கூட ஆடியது. வேட்டியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஊர் தெளிந்து நின்றது. நான் போட்ட சத்தத்தில் ஆச்சி மூச்சு வாங்க ஏறி வந்து, பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அந்தா போறது எதுத்த வீட்டுக்காரி தானே? எங்கே போறா இந்நேரத்துல?" என்றார்.

அவ்வளவுதான். கீழே பித்தளை பார்க்க வந்தவர்களை மேலே அனுப்பினோம். தொடாதே பலகையைக் கழற்றி, வழுக்கும் படியில் முட்டுக் கொடுத்தேன். இருட்டில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தார்கள். ஒரு மருமகள், "அந்தா எங்க மாமியார், தலைகீழா நடக்குறாக" என்று கைகொட்டினாள். "இப்பத்தான் கண்ணுக்கு லட்சணமா இருக்காக" என்றும் சொன்னாள். ஒரு குடும்பம் வந்தால் பாதிப் பேர் உள்ளே இருப்பார்கள். பாதிப் பேர் தெருவில் நின்று கையை ஆட்டுவார்கள். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். எங்கள் தெருப் பெண்கள் தண்ணீருக்குப் போகவே நல்ல சேலை கட்டினார்கள். ஊருணிச் சுவரோரம் ஒதுங்குவதை ஆண்கள் சுத்தமாக நிறுத்திவிட்டார்கள். பஞ்சாயத்தார் எழுதிப் போட்டும் நடக்காத காரியம் அது.

படைப்பு நாளும் வந்தது. பங்காளிகள் வந்து இறங்கினார்கள். மூத்தவர் மாடத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கி வரவும், மதராஸிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. நடுவுள்ளவர் இவரை வாரக் கணக்கில் காக்கவைத்து, அண்ணன் சொல்வதுதான் என்று அனுப்பியிருந்தார். வாடிப்போய் வந்தவர் கண்ணில் வளவில் பரப்பிக் கிடந்த மூத்தாள் பட்டாள்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குனிந்து ஒரு வளையத்தை எடுத்து, அதில் கோடு கோடாக இருந்த அளவெல்லாம் புளியில் மங்கியிருப்பதைத் தடவிப் பார்த்தார். "குரங்கு கையில பூமாலை" என்றார், மெதுவாக.

மூத்தவர் நியாயஸ்தர். "வாத்தியாரே, சனம் வருது. கண்ணால பாத்தேன். ஆனா இதக் கட்டுன எங்க அப்பச்சி உங்க கையிலதான் குடுத்தாக. நீங்க சரின்னா இப்படியே நடக்கட்டும். வேணாம்னா தொட்டிக்கு ஆளு சொல்றேன்" என்றார்.

"பயாஸ்கோப் கொட்டகை ஆக்குறதுக்குத் தொட்டியே கட்டிருங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

எதைக் காப்பாற்ற இவ்வளவும் செய்தேனோ அதை அவரே ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். ஆச்சிதான் விடவில்லை. "மேல போயி ஒரு வாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்காம சொன்னா அது என்ன அறிவியலு?" என்றார். அந்த வார்த்தை அவரைச் சுட்டிருக்க வேண்டும். மேலே போனார்.

அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். போகும்போது திட்டிக்கொண்டே போனேன். வரும்போது அழுதுகொண்டே வந்தேன். மாடம் நினைவே இல்லை.

திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றார். பின்னால் பங்காளிகள் அத்தனை பேரும்.

"உனக்குக் கால்ல என்ன?" என்றார்.

"என்ன?"

"இடது காலை இழுத்து இழுத்து நடக்குற."

"ஆணி."

"எப்ப இருந்து?"

"கல்யாணம் ஆன மறு வருசத்துல இருந்து."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷமும் நான் அவருக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறேன். நான் நடந்து அவர் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான், மாடத்து வேட்டியில் தலைகீழாகப் பார்த்திருக்கிறார். என் இடுப்பில் இருந்த குடத்தை வாங்கிக்கொண்டார். வாங்கத் தெரியவில்லை, வேட்டியெல்லாம் நனைத்துக்கொண்டார்.

"முடிவு என்ன வாத்தியாரே?" என்றார் மூத்தவர்.

"இருக்கட்டுங்க. பகல்ல இது இருக்கட்டும். பொழுது சாஞ்சா மட்டும் கண்ணாடியக் குழாய்ல மாட்டித் தரச் சொல்லுங்க." என்னைப் பார்த்துச் சொன்னார். "எந்தத் திருகாணி எங்குட்டுன்னு இவளுக்குத்தான் தெரியும்."

ஆச்சி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அடுத்த வாரம் காலைக் காட்டக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நின்று, "நீ முன்னால போ" என்றார். போனேன். முதுகில் என்னவோ போல் இருந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்க்கவில்லை. என் குதிகாலையே பார்த்துக்கொண்டு வந்தார். நடுத்தெருவில் பெரிய சாணியாக ஒன்று கிடந்தது. நான் பார்த்துத்தான் தாண்டியிருந்தேன். குரல் கொடுக்கவில்லை.