குஞ்சில்லாத சேறு

படகுப் பட்டறைக்குப் பின்னால் ஒரு சேற்றுத் திடல் உண்டு. கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஆறு சோம்பேறியாகக் காலை அகட்டிப் படுத்துக்கொள்ளும் இடம் அது. தண்ணீர் வற்றினால் திடல் தலைகாட்டும், ஏறினால் மறையும். அந்தச் சேற்றில் இறங்கி நத்தை பொறுக்குவதுதான் நத்தைக்காரியின் பிழைப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் இறங்கியவள் ஐம்பதைத் தாண்டியும் கரையேறவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நத்தையைப் பொறுக்கிக்கொண்டே இருப்பாள்.

அவள் புருஷனுக்கும் பட்டப்பெயர்தான். சுரண்டி. பட்டறையில் கரையேற்றிய படகுகளின் அடியில் மல்லாந்து படுத்து, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் பழைய பெயிண்டோடு சேர்த்துச் சுரண்டித் தள்ளுவார். பிறகு புதுச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பார். அவர் கைபட்ட படகில் மறுபடி ஒரு சிப்பி ஒட்ட அஞ்சும் என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம். சுரண்டிய தூளை என்ன செய்வார்? என்ன செய்வது, துடைப்பத்தால் சேற்றுப் பக்கம் தள்ளுவார். எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். தண்ணீர் ஏறி வந்து சுத்தமாக வாரிக்கொண்டு போய்விடும், சம்பளமில்லாத வேலைக்காரி.

இருவரும் குடியிருந்தது பட்டறையின் பெயிண்ட் அறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில். ஜன்னலைத் திறந்தால் அவள் சேறு, கதவைத் திறந்தால் அவர் படகு.

சில வருஷங்களாக நத்தைகள் பெரிசாகிக்கொண்டே வந்தன. கட்டைவிரல் அளவு இருந்தது போய், எலுமிச்சை அளவுக்கு. நத்தைக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "என் கை ராசிங்க இது. வேற யாரு எறங்கினாலும் இப்படி வருமா?" என்பாள். கண்பட்டுவிடுமோ என்று கூடையை ஈரச்சாக்கால் மூடித்தான் தூக்கிப்போவாள். அப்படி மூடி எடுத்துப்போனது வெளியாருக்கா? நாத்தனாருக்கு. சுரண்டியின் தங்கை மேட்டுப்பக்கம் வாத்து வளர்த்தாள். இத்தனை வருஷமும் அந்த வாத்துகளுக்கு நத்தைக்காரியின் நத்தைதான் தீனி.

ஒரு நாள் நாத்தனார் கூடைச் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி, வாத்துக்குத் தீனி கேட்டா வாத்தையே முழுங்குற மாதிரி கொண்டு வர்றீங்க?"

"பெருசு பெருசா பாத்துப் பாத்துப் பொறுக்கினேன். அதுக்கும் ஒரு குத்தமா?"

"தொண்டைக்குள்ள போக மாட்டேங்குது அண்ணி. நேத்து ஒண்ணு விக்கிக்கிட்டு கண்ணு பிதுங்கிப் போச்சு. ஒவ்வொண்ணா சுத்தியலால ஒடைச்சுப் போட எனக்கு வேற வேலை இல்லையா? சின்னதா கொண்டாங்க. இல்லேன்னா நான் வேற தீனி பாத்துக்கறேன்."

நாத்தனார் வாயிலிருந்து நல்ல சொல் வருமா என்று பொருமிக்கொண்டே நத்தைக்காரி திரும்பினாள். ஆனாலும் பிழைப்பு பிழைப்புதானே. மறுநாள் தண்ணீர் வற்றியதும் சின்ன நத்தை தேடி இறங்கினாள்.

வழக்கமான இடத்தில் இல்லை. படகு கட்ட மூங்கில் கழி நட்ட ஓரத்தில் இல்லை. கல்லைப் புரட்டினாள், இல்லை. பெரிசு பெரிசாகக் கிடந்தவை கனத்த ஓடுகளை இழுத்துக்கொண்டு, போக்கிடம் இல்லாத கிழங்கள் போல மெதுவாக ஊர்ந்தன. பட்டாணி அளவில் ஒன்றுகூட இல்லை. எப்போது கடைசியாகச் சின்னதைப் பார்த்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அவள் எப்போதும் பெரிசைத்தான் பார்த்தாள், பெரிசைத்தான் எடுத்தாள். இல்லாததைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

நடுச்சேற்றில் நிமிர்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. வற்றிய சேறு சும்மா இருக்காது. புழுவும் கூனிப்பூச்சியும் நண்டுக்குஞ்சும் வளைக்குள் அசைய அசைய, திடல் முழுக்கச் சின்னச் சின்னதாக வெடித்து, அடுப்பில் எதுவோ கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். வந்த புதிதில் அந்தச் சத்தத்தால் அவளுக்குத் தூக்கம்கூடப் பிடிக்கவில்லை. இப்போது சத்தமே இல்லை. உச்சி வெயிலில், சுற்றிலும் பட்டறை ஆட்கள் நடமாடும்போதே, அவளுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கூடையைக்கூட எடுக்காமல் கரையேறினாள்.

அந்த வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் சேற்றைச் சோதிக்க நீளக் குழாயோடு வந்தாள். சேற்றில் குழாயைச் செருகி, அடியிலிருந்து மேல் வரை உருவி எடுத்தாள். நத்தைக்காரி அவள் பின்னாலேயே போனாள்.

"ஏம்மா, இதுல குஞ்சே இல்லியே. ஏன்னு தெரியுமா?"

அந்தப் பெண் ஒரு நத்தையை எடுத்து, ஓட்டை உடைத்து, ஊசி முனையால் உள்ளே காட்டினாள். "இது பொண்ணு நத்தை. இங்க பாருங்க, ஆணுக்கு இருக்க வேண்டியது இதுக்கு மொளைச்சிருக்கு. முட்டை வெளிய வர்ற வழி அடைச்சுப் போச்சு."

"கருமம். எதனால?"

"படகு அடியில அடிச்ச பழைய பெயிண்டு. சிப்பி ஒட்டாம இருக்கப் போட்ட மருந்து. இப்ப விக்கிறதில்ல, ஆனா சுரண்டுன தூள் எல்லாம் சேத்துக்குள்ள எறங்கிடுச்சு. வெளிச்சமும் காத்தும் படாத எடத்துல அது சீக்கிரம் அழியாது."

"பெருசா இருக்கே எல்லாம். செழிப்பாத்தான இருக்கு?"

"வயசாயிடுச்சும்மா, அதான் பெருசு. இந்த நத்தைக்கு ஆயுசு ஜாஸ்தி. புதுசா எதுவும் பொறக்கல."

தன் கை ராசி என்று இத்தனை நாள் கொண்டாடியது எதை என்று நத்தைக்காரிக்குப் புரிந்தது. ஒரு சாவு வீட்டில் வருஷக்கணக்காகச் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

அன்று மாலை அவள் எதுவும் மறைக்கவில்லை. சுரண்டி கை கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் சிவப்பு போகவே போகாது.

"உங்க தூள்தாங்க."

அவர் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி கையைக் கழுவினார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தவளுக்கு அது தாங்கவில்லை.

"எதாவது சொல்லுங்க!"

"உன் சேத்துலதான் தள்ளுனேன், பாத்தியா," என்றார்.

மறுநாள் முதல் படகுக்கு அடியில் தார்ப்பாய் விரித்துத் தூளை வாளியில் அள்ள ஆரம்பித்தார். பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று ஒருவன் கேட்டே விட்டான். சுரண்டி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகுக்குப் போனார். அடுத்த ஓய்வு நாளில் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டி ஆற்றின் மேல்பக்கம் போனார். திரும்பியபோது கூடை நிறையச் சின்ன நத்தை. பட்டாணி அளவு, மிளகு அளவு. நத்தைக்காரி கூடைக்குள் கையை விட்டாள். குறுகுறுவென்று உயிரோடு ஊர்ந்தன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"விதை மாதிரி போடுவோம்," என்றார் அவர். "பிடிச்சுக்கும்."

தண்ணீர் வற்றியதும் இருவருமாக இறங்கித் திடல் முழுக்க விதைத்தார்கள். கூடையை ஒரு கழியில் கவிழ்த்து மாட்டிவிட்டு வந்தார்கள். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வற்றத்தில் ஜன்னலைத் திறந்ததும் கழிகள் கறுத்திருப்பது தெரிந்தது. முதலில் நிழல் என்றுதான் நினைத்தாள். இறங்கிக் கிட்டே போனார்கள். ஒவ்வொரு கழியிலும், அடியிலிருந்து நுனிவரை, நத்தைக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தன. கவிழ்த்த கூடையில் இம்மி இடமில்லை. வெயிலில் காய்ந்து சில உதிர்ந்திருந்தன. விழுந்த இடத்திலிருந்தே அவையும் கழியைப் பார்த்து ஊர்ந்த தடம் சேற்றில் இருந்தது. ஒன்றுகூடச் சேற்றுக்குள் இறங்கவில்லை.

"இதுக்குத் தெரியுதுங்க," என்றாள் நத்தைக்காரி. "நமக்குத்தான் தெரியல."

சுரண்டியின் கை பழக்கத்தில் இடுப்பிலிருந்த உளியைத் தொட்டது. ஒட்டியதைக் கண்டால் அந்தக் கை அங்கேதான் போகும். தொட்டதும் சுட்டதுபோல எடுத்துக்கொண்டார். பிறகு விரல் நுனியால், ஓடு நொறுங்காமல், ஒவ்வொன்றாகக் கழியிலிருந்து பெயர்த்து அவள் முந்தானையில் போட ஆரம்பித்தார். பாலத்துக்கு மேலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார்.

தண்ணீர் ஏறத் தொடங்கியது. முந்தானை நிறைந்து கனத்தது. அவள் கரையேறி நின்று கூப்பிட்டாள். அவர் வரவில்லை, நின்ற இடத்திலேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பெயிண்ட் தெறித்த அவருடைய ரப்பர் பூட்ஸில் மிளகளவு நத்தை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கிட்டு வாங்க, தண்ணி ஏறுது!"

"ஏறட்டும். அது முதல்ல ஏறட்டும்," என்றார் சுரண்டி, காலை அசைக்காமல்.