ஒரே எண்ணில் ஐந்து பேர்

காலை பதினொன்றே காலுக்கு வகுப்பு வாசலில் ஆயா வந்து நின்றார். ஆபீசுக்கு எனக்குப் போன் வந்திருக்கிறது என்றார். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஐந்தொகை போட்டுக்கொண்டிருந்தேன். பாதிக் கணக்கில் சாக்பீசை வைத்துவிட்டுப் போனேன்.

கம்பெனியில் வார விடுமுறை என்று வல்லக்கோட்டைக்கு முருகனைப் பார்க்கப் போன மகள், திரும்பும் வழியில் வண்டியோடு விழுந்திருந்தாள். சாலையில் சிந்திக் கிடந்த ஜல்லியில் சறுக்கி, எதிரே வந்த வேனின் பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறாள். தொடை எலும்பு முறிந்து நிறைய ரத்தம் போயிருந்தது. படப்பையில் அவளைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்கு நானும் கணவரும் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் காத்திருந்தார்.

"நாலு மணிக்கு ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட் வேணும். எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு. டெஸ்ட் பண்ண நேரம் வேணும், அதனால ஒரு மணிக்குள்ள ஒரு ஆள் வந்தாகணும். நாங்களும் மத்த பிளட் பேங்க்ல கேட்டுக்கிட்டிருக்கோம். நீங்களும் பாருங்க."

எங்கள் இருவருக்கும் வேறு குரூப். ஆள் தேட எனக்கு வழி தெரியும். அந்த வழியை உண்டாக்கியவளே அவள்தான்.

என் மகள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அவளும் தோழிகள் சிலரும் சேர்ந்து ரத்தம் கொடுப்பவர்களுக்காக ஒரு வலைத்தளம் நடத்துகிறார்கள். முதலில் யார் வேண்டுமானாலும் பெயர் பதியலாம், யாருடைய எண்ணையும் பார்க்கலாம் என்றுதான் இருந்தது. சில வாரங்களிலேயே, பெயர் கொடுத்த பெண்களுக்குக் கண்ட கண்ட அழைப்புகள் வரத் தொடங்கின. 'உன் குரூப்பும் என் குரூப்பும் சேருமா' என்று ஒருவன் ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறான். அன்றே மகள் தளத்தைப் பூட்டினாள். பதிகிற ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசி, அடையாள அட்டையைப் பார்த்து, கையால் அனுமதி கொடுத்தால்தான் உறுப்பினர். உறுப்பினரானால்தான் மற்றவர்களின் எண்கள் தெரியும். ஷிப்டுக்குப் போகும்போது செல்போனைக் கம்பெனி வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால் இந்த வேலை அவளால் முடியவில்லை. என்னிடம் கொடுத்தாள். "நீ டீச்சர், பொய் சொன்னா குரல்லயே கண்டுபிடிச்சுடுவ" என்றாள்.

மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி தளத்தைத் திறந்தேன். நான் அனுமதி கொடுத்த ஓ நெகட்டிவ்காரர்கள் மூன்று பேர். ஒரு பெண் ஏழு மாத கர்ப்பிணி, அவரே சொல்லி அழுதார். மற்ற இருவரின் போனும் அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ கம்பெனி வாசலில், பூட்டிய லாக்கருக்குள் அவை அடிப்பது எனக்கு இங்கிருந்தே கேட்பதுபோல் இருந்தது.

அனுமதிக்காமல் நிறுத்தி வைத்தவர்களில் இரண்டு பேர் அந்த குரூப். ஒருவர், அடையாள அட்டை கேட்டதற்கு இரண்டு முறையும் அனுப்பாதவர். முதலில் அவரை அழைத்தேன். மணி அடித்த உடனே எடுத்தார்.

"வரேன் மேடம், பக்கத்துலதான் கீறேன். ஆனா முதல்ல என் அக்கவுண்ட அப்ரூவ் பண்ணுங்க. எத்தினி வாட்டி ரிஜெக்ட் பண்ணீங்க?"

"தம்பி, நீங்க முதல்ல வாங்க. வந்ததும் இங்கயே பண்ணித் தரேன்."

"அது எப்டி? ரத்தம் குடுக்கிறவனுக்கே நம்பிக்கை இல்லியா? பண்ணிட்டு கால் பண்ணுங்க."

வைத்துவிட்டார். அவர் நிஜமாகவே ஓ நெகட்டிவா என்றுகூட எனக்குத் தெரியாது. திரையில் அந்தப் பச்சைப் பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் முந்நூறு சொச்சம் பெண்களின் எண்கள் அவர் கைக்குப் போய்விடும். பிறகு நான் அனுமதியை ரத்து செய்தாலும் எடுத்தது எடுத்ததுதான்.

"இன்னாத்துக்கு யோசிக்கிற?" என்றார் கணவர். "அமுக்கு. உள்ள கெடக்கிறது நம்ம பொண்ணு."

"அதுல இருக்கிறதும் யாரோட பொண்ணோ தானே."

"அதையெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. கோபப்படவும் என்னால் முடியவில்லை.

மிச்சம் இருந்தது ஒரு ஆள். அவர் பதிவை நான் நிறுத்தி வைத்ததற்குக் காரணம் வேறு. ஒரே எண்ணில் ஐந்து பேர் பதிந்திருந்தார்கள். சரிபார்க்க அழைத்தபோதெல்லாம் வேறு வேறு குரல். ஒருமுறை பெயரைக் கேட்டதற்கு, பதிவிலேயே இல்லாத ஒரு பெயரைச் சொன்னார்கள். ஏமாற்று வேலை என்று ஒதுக்கியிருந்தேன்.

வெகுநேரம் அடித்த பிறகு தூக்கக் குரலில் ஒருவர் எடுத்தார். பேரைச் சொல்லிக் கேட்டேன்.

"அவன் காலைல ஏ ஷிப்டுக்குலா போயிருக்கான். ரெண்டரைக்குத்தான் விடுவான். நீங்க யாரு?"

சொன்னேன். மறுமுனையில் தூக்கம் கலைந்தது.

"அக்கா, போன மாசம் கூப்பிட்டது நீங்கதானா? நாந்தான் எடுத்தேன். எம்பேரக் கேட்டீங்க, சொன்னேன். பட்டுனு வச்சுட்டீங்க. இது ரூம் போனுக்கா. எங்க போனெல்லாம் லாக்கர்ல கெடக்கும். யாரு ரூம்ல இருக்கமோ அவன் இத எடுப்பான். ஊர்ல ஒரு நல்லது கெட்டதுன்னாலும் இதுக்குத்தான் கூப்பிடுவாவ."

"அவர் இப்ப வர முடியுமா தம்பி?"

"லைன்ல நிக்கான். பதிலுக்கு ஆள் நின்னாத்தான் விடுவாவ." கொஞ்சம் யோசித்தார். "நானும் அதே லைன்தான். நைட்டு முடிச்சுட்டு இப்பத்தான் படுத்தேன். நான் போய் நிக்கேன், அவன அனுப்புதேன். சூப்பர்வைசர் ஏசுவான், ஏசட்டும். நீங்க எங்க இருக்கீங்க?"

அவர்கள் அறை சேரப்பணஞ்சேரியில். அங்கிருந்து கம்பெனி, வாசலில் செக்யூரிட்டி, உள்ளே சூப்பர்வைசர், பிறகு இங்கே. எந்த இடத்திலும் ஒருவர் 'முடியாது' என்று சொன்னால் போதும். கிளம்பியவரிடம் இனி பேசவும் வழியில்லை. அந்த அறைப் போன் எடுக்க ஆளில்லாமல் கிடக்கும்.

வராந்தாவில் உட்காரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. மற்ற பிளட் பேங்குகளிலும் இல்லை என்று நர்ஸ் வந்து சொன்னார். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பரீட்சை அறையில் நான் கொடுக்கும் எச்சரிக்கைபோல அவர் அடிக்கடி வந்து நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அடையாள அட்டை அனுப்பாத அந்த ஆள் மறுபடி அழைத்தார்.

"இன்னா மேடம், முடிவு பண்ணிட்டீங்களா?"

இணைப்பைத் துண்டிக்காமலே தளத்தைத் திறந்தேன். கட்டைவிரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. இன்னும் ஐந்து நிமிடம் யாரும் வராமல் இருந்திருந்தால் அதை அழுத்தியிருப்பேன்.

படியில் கனத்த ஷூ சத்தம் கேட்டது. நீல யூனிஃபார்ம், கழுத்தில் தொங்கும் இயர் பிளக், இருபத்தைந்து வயது இருக்கும். மூச்சு வாங்க எங்களைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"ஓ நெகட்டிவ் கேட்டது நீங்களாக்கா? கையெல்லாம் ஆயிலு. கழுவிட்டு வந்துருதேன், எங்க படுக்கணும்?"