மஞ்சள் அட்டைக் கூண்டு

ராஜகுமாரிக்குச் சந்தேகம் பிறவிக்குணம் என்பார் அவள் கணவர் மனோகரன். பத்து வருடமாக ஒரே மீன்காரம்மாவிடம் வாங்குகிறாள், இன்றைக்கும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. அதை அவளும் மறுத்ததில்லை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள் என்பாள். அதில் பொய்யுமில்லை. அவள் நரம்பியல் விஞ்ஞானி. நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்து, கை கால் விளங்காமல் போகிற நோயை இருபத்திரண்டு வருடமாக ஆராய்கிறவள்.

பிறந்தது பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நூம்பல். அப்பா கன்னியப்பன் பண்ணையாரின் வாத்துகளை மேய்த்தார். பொழுது சாய்ந்ததும் பண்ணையார் ஏரிக்கரையில் நின்று வாத்துகளை எண்ணுவார். ஒன்று குறைந்தால் விற்றுத் தின்றுவிட்டாயா என்பதுதான் முதல் கேள்வி. நாய் கடித்தது, நோய் வந்தது என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. அதனால் கன்னியப்பன் சொல்வதையே விட்டுவிட்டார். ஒன்று செத்தால் வீட்டில் வளரும் வாத்து ஒன்றை ஓசைப்படாமல் மந்தையில் விட்டு எண்ணிக்கையை நேர் செய்துவிடுவார். அப்படி ஒருமுறை போனது ராஜகுமாரி வளர்த்த வாத்து. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். திருடாதவரைத் திருடன் மாதிரி எண்ணிப் பார்த்த அந்த ஆள்மீது அவளுக்கு இருந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

பூந்தமல்லி அரசுப் பள்ளி, பிறகு பஸ் ஏறிப் பட்டணத்துக் கல்லூரி, டாக்டர் பட்டம், ஜெர்மனியில் நான்கு வருடம். திரும்பி வந்து குமணன்சாவடியில் வீடு வாங்கி, செம்பரம்பாக்கம் போகிற வழியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தாள். அவள் வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு புரதத்தின் பின்னால் போயிற்று. அந்தப் புரதம் ஒழுங்காக மடியாமல் செல்லுக்குள் குப்பை மாதிரி சேர்ந்தால் செல் செத்துப்போகும். அந்தக் குப்பை சேராமல் தடுக்க ஒரு மருந்தைக் கண்டுபிடித்தாள். அதற்கே பதினைந்து வருடம் ஆயிற்று.

மருந்தைச் சோதிக்க இருபத்திநான்கு எலிகள். எல்லாம் நோய்க்கான மரபணுவோடு பிறந்தவை. நான்காம் மாதம் பின்னங்கால் இழுக்கும், ஐந்தாம் மாதம் தாண்டாது. பன்னிரண்டு எலிகள் மஞ்சள் அட்டை மாட்டிய கூண்டுகளில், மீதிப் பன்னிரண்டு நீல அட்டை மாட்டிய கூண்டுகளில். ஒரு நிறத்துக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்பது ராஜகுமாரிக்கு மட்டும்தான் தெரியும். சீட்டு அவள் பீரோவுக்குள் இருந்தது. ஊசி போடுகிறவருக்கு அது தெரிந்தால் ஆசை கண்ணை மறைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஊசி போட்டுக் குறிப்பெழுதியது அரவிந்தன், அவளுடைய ஆராய்ச்சி மாணவன். தென்காசிப் பக்கத்துப் பையன், வேலப்பன்சாவடியில் அண்ணனின் அடுக்குமாடி வீட்டில் இருந்தான். எலிகளைப் பராமரித்தது டில்லிபாபு, நூம்பல்காரர். அவளைவிட ஏழு வயது மூத்தவர், அதே தெரு. ஒரகடத்தில் ஒப்பந்த வேலை போய்த் திண்டாடியவரை மூன்று வருடத்துக்கு முன் அவள்தான் இங்கே சேர்த்துவிட்டாள். தெருவில் பாப்பா என்று கூப்பிட்டவர், வேலைக்குச் சேர்ந்த அன்றே மேடம் என்று மாறிக்கொண்டார். அவள் மட்டும் அண்ணா என்பதை விடவில்லை.

ஐந்தாம் மாத முடிவில் நீல அட்டை எலிகள் ஒன்றுவிடாமல் செத்துப்போயின. மஞ்சள் அட்டையில் ஆரம்பத்திலேயே இரண்டு செத்ததோடு சரி. மீதிப் பத்தில் மூன்று காலை இழுத்தாலும் உயிரோடு இருந்தன, ஏழு ஆறாம் மாதமும் கூண்டுக்கம்பியில் ஏறி விளையாடின. மஞ்சள்தான் மருந்து. அரவிந்தன் இனிப்பு வாங்கி வந்தான். ஜெர்மனியில் மேல் ஆராய்ச்சிக்கு அவன் போவது இந்த முடிவை நம்பித்தான் இருந்தது.

ராஜகுமாரி இனிப்பைத் தொடவில்லை. அவள் மருந்து அவ்வளவு நல்ல மருந்து இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் லட்சணம்? பத்து நாள் கூடுதலாக உயிரோடு இருந்தால் அதுவே பெரிது என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து அரவிந்தன் செய்ததெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை எதற்கு வருகிறான்? பீரோச் சாவி ஏன் வேறு ஆணியில் தொங்குகிறது? தன்னைக் கண்டதும் போனை ஏன் வைக்கிறான்? அவன் இல்லாத நேரம் அவனுடைய நோட்டைப் புரட்டினாள். கையெழுத்து ஒரே சீராக இருந்தது, அதுவும் சந்தேகத்துக்கு இடமாயிற்று. எலி அறைக்கு அவன் போவதை நிறுத்தினாள். ஜெர்மனிக்கு அனுப்பவேண்டிய சிபாரிசுக் கடிதத்தை இன்று நாளை என்று கடத்தினாள்.

ஒருநாள் அவன் நேரில் வந்து நின்றான்.

"மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிருங்க. சொல்லாம இப்படிப் பாக்காதீங்க."

அவன் குரல் நடுங்கியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவள் மனத்துக்குள் குறித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை, போ என்றாள். மறுநாளே அவன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டான். கடிதத்துக்குக் கடைசித் தேதி வரப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த வாரம் அவளே எலிகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அடையாளத்துக்காக எலிக்கு மூன்று வார வயதில் காதில் சின்ன ஓட்டை போடுவார்கள். சில வாரத்தில் புண் ஆறி விளிம்பு வழவழவென்று ஆகிவிடும். மஞ்சள் கூண்டில் ஓர் எலிக்கு ஓட்டையின் விளிம்பில் பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு மாத எலிக்குச் சமீபத்தில் போட்டதுபோல ஓட்டை. எலியை மாற்றியிருக்கிறான், பாவி, என்று அவள் உடம்பெல்லாம் எரிந்தது. பிடிபட்டான் என்ற சந்தோஷமும் கூடவே இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏழு எலிகளின் வால் நுனியிலும் துளி வெட்டி, டி.என்.ஏ. பிரித்து, பி.சி.ஆர். இயந்திரத்தில் வைத்தாள். மாணவர்களிடம் விட்டு வருடக்கணக்காகிவிட்ட வேலை, ஆனாலும் கை மறக்கவில்லை. நோய் மரபணு இருந்தால் ஜெல்லில் ஒரு கோடு தெரியும். இரண்டில் தெரிந்தது. ஐந்தில் இல்லை. அந்த ஐந்தும் நோயே இல்லாத எலிகள். ஓடி விளையாடாமல் என்ன செய்யும்?

ஜெல்லின் படத்தை எடுத்துக்கொண்டு நேராக எலி அறைக்குப் போனாள். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமே. டில்லிபாபு தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அரவிந்தன் எந்தெந்த நாள் எலியை மாற்றினான், பார்த்ததைச் சொல்லுண்ணா என்றாள்.

டில்லிபாபு கையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

"அந்தப் புள்ள இன்னாத்துக்கு மேடம் மாத்தப்போவுது? நான்தான் மாத்துனேன். செத்தத எத்துட்டு, அந்தாண்ட சொம்மா கீதே அந்த எலிங்கள்ல அதே சைஸா பாத்து ஒண்ணு வுட்டேன். காதுல ஓட்டையும் நான்தான் போட்டேன்."

இந்த எலிகளோடு கூடப் பிறந்து, நோய் மரபணு மட்டும் இல்லாத எலிகள் அடுத்த அடுக்கில் இருந்தன. அவற்றை யாரும் எண்ணுவதில்லை.

ஏன் என்று அவள் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்கோ. மஞ்ச கூண்டுல இன்னொண்ணு செத்துதுன்னு வந்துகினு என் மூஞ்சில முழிக்காதன்னு. இது ஒண்ணும் புச்சு இல்லியே. உங்க நைனாவும் இப்டித்தானே வாத்த வுட்டு நேர் பண்ணுவாரு."

ராஜகுமாரி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாள் நினைவுக்கு வந்தது. இரண்டாம் மாதம், ஒரே வாரத்தில் மூன்று எலிகள் செத்தன. நீலம் ஒன்று, அதற்கு அவள் சரி என்று தலையாட்டினாள். மஞ்சள் இரண்டு, அதற்கு அறை அதிரக் கத்தினாள். எது மருந்து என்ற ரகசியத்தைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, வாயால் திறந்து விட்டிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். இங்கே எலி சாவதும் ஒரு சேதிதான் என்று டில்லிபாபுவுக்கு மூன்று வருடத்தில் யாரும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆய்வு பாழாய்ப்போனதைவிட, தன் குரல் அந்த ஏரிக்கரையில் நின்று வாத்துகளை எண்ணியவனின் குரலாக ஆகியிருந்ததுதான் தாங்கமுடியவில்லை.

அன்று சாயங்காலமே வேலப்பன்சாவடிக்குப் போனாள். அரவிந்தனிடம் எதையும் மறைக்கவில்லை. உன்னைத்தான் சந்தேகப்பட்டேன், நோட்டைக்கூடப் புரட்டினேன் என்றாள். மன்னிப்பும் கேட்டாள். சிபாரிசுக் கடிதத்தை அங்கேயே அனுப்பிக் காட்டினாள். அவன் ஜெல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீங்க இப்பவும் என்னை நம்பல மேடம். இந்தப் படத்தைத்தான் நம்புறீங்க."

அவன் உள்ளே போய் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். இரண்டு மாதம் கழித்து ஜெர்மனிக்குப் போனான், போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

நிலையத்துக்கு எழுதிய அறிக்கையில் ரகசியத்தை வெளியிட்டது நான், தவறு என்னுடையது என்று எழுதினாள். டில்லிபாபுவின் வேலைக்கு எதுவும் நேரவில்லை. இந்த முடிவை வைத்து எழுதி வந்த கட்டுரையை நிறுத்தினாள். புதிதாக இருபத்திநான்கு எலிகளோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை சீட்டு அவளிடம் இல்லை, வேறொருவரிடம் கொடுத்துவிட்டாள். டில்லிபாபுவை உட்காரவைத்து, எலி எப்போது சாகிறது என்பதுதான் நமக்கு விடை என்று விளக்கிச் சொன்னாள். அவரும் எல்லாவற்றுக்கும் சரிங்க மேடம் என்றார்.

நான்காம் மாதம் முதல் எலி செத்தது. மஞ்சள் அட்டைக் கூண்டு. டில்லிபாபு அதைக் காகிதத்தில் வைத்து எடுத்துவந்து அறை வாசலில் நின்றார். ராஜகுமாரி நோட்டில் பன்னிரண்டை அடித்துப் பதினொன்று என்று எழுதினாள். நல்ல வேலை பண்ணே அண்ணா, உட்காரு என்று நாற்காலியை நகர்த்தினாள்.

டில்லிபாபு உட்காரவில்லை. திட்டு வரும் என்று தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்.