மகெல்லன் மேகமும் அமீனா அக்காவின் கடையும்

அரூர் கடைத்தெருவில் மெத்தைக் கடை இரண்டு. பெரியது பக்ருதீன் பாயுடையது. சின்னதை, அவருடைய தம்பி இறந்தபின், தம்பி மனைவி அமீனா அக்கா ஒற்றை ஆளாக நடத்தினார். "பொம்பளைக்கு எதுக்குத் தனிக் கடை? மூடிட்டு எங்கிட்ட வந்து தையி. ரம்ஜானுக்குள்ள முடிவு சொல்லு" என்று பாய் கெடு வைத்திருந்தார்.

தெற்கு வானில் ஒரு நட்சத்திரம் வெடித்ததாகப் பத்திரிகைகள் எழுதிய 1987 அது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், பி.எஸ்.சி. இயற்பியல். நான் பாடம் நடத்திய பள்ளியின் கண்காட்சிக்காக, நம் பால்வீதியையும் அதன் அக்கம்பக்கத்து விண்மீன் மண்டலங்களையும் பஞ்சில் செய்துதர அமீனா அக்காவிடம் கேட்டேன். பால்வீதியையும் ஆண்ட்ரோமீடாவையும் அக்கா அழகாகச் சுருட்டிவிட்டார். அந்த நட்சத்திரம் வெடித்த சின்ன மண்டலமான மகெல்லன் மேகத்தை மட்டும் துணிக்குள் அடைத்து, நாலு மூலையும் இழுத்துத் தைத்திருந்தார்.

"அக்கா, இது தலையணைங்க!"

"கைப்பழக்கம் சவரி. எப்படித்தான் இருக்கும் அது?"

"இன்ன வடிவம்னு இல்லைங்க. பக்கத்துல பால்வீதி பெரிசா நின்னு இழுக்குது. கோணிப்போச்சு."

"முழுங்கிடுமா?"

"என்னைக்காவது முழுங்கலாம். இன்னைக்குத் தனியாத்தான் இருக்குது. அதோட அளவுக்கு, நம்மளதைவிட வேகமாப் புது நட்சத்திரம் பொறக்குதுங்க."

அக்கா தையலைப் பிரித்தார். பஞ்சைப் பிய்த்துக் கோணல்மாணலாகவே ஒட்டினார்.

கண்காட்சிக்குப் பாயும் வந்தார். மகெல்லன் மேகத்தைப் பார்த்ததும் சிரித்தார். "என்னம்மா, பஞ்சு சிந்திப்போச்சா? தொழில் தெரியலன்னு ஊரு பேசப்போவுது."

தலைமையாசிரியரும் சேர்ந்துகொண்டார். "அதிகாரி வர்ற நேரம். அதை உருண்டையாக்கிடுங்கம்மா."

நான் வாயைத் திறந்தேன். "நீ இரு சவரி" என்றார் அக்கா. "அது அப்படித்தான் சார், படிச்ச புள்ள சொல்லித்தான் செஞ்சேன்" என்றவர் பாயின் பக்கம் திரும்பினார். "மச்சான், பெரிசு இழுத்தா சின்னது கோணத்தான் செய்யும். அதுக்காக ஓடிப்போயி அதுக்குள்ள படுத்துக்குமா?"

"நான் கடையைத்தான் கேட்டேன்."

"நானும் கடையைத்தான் சொல்றேன். ரம்ஜான் வரைக்கும் எதுக்கு? மூட மாட்டேன்."

"இத்தனை நாளும் என் மிஷின்லதானே பஞ்சு அரைச்சே? இனி அது இல்லாம நீ எப்படி அரைக்கிறேன்னு பாக்குறேன்."

"நல்லாப் பாருங்க."

மறுநாள் காலை அக்கா கடை வாசலில் சாக்கை விரித்து, இரண்டு மூங்கில் குச்சிகளால் பஞ்சை அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் பெரிய கடை வரைக்கும் கேட்டது.

"தள்ளி நில்லு சவரி, சட்டையெல்லாம் பஞ்சாயிடும்" என்றார், கையை நிறுத்தாமலே.