அப்பா இல்லாத கல்யாணப் படம்

குழித்துறையில் உள்ள ஒரு ஸ்டுடியோவுக்கு நான் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். அவர்கள் படம் பிடித்ததை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அனுப்புவார்கள். வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்ப்பது என் வேலை. கடைசியில் ரெண்டரிங் என்று ஒன்று உண்டு. வெட்டி வைத்த துண்டுகளையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சேர்த்து எடுக்கும். மணிக்கணக்கில் ஓடும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

போன வருஷம் மழைக்குக் கொஞ்சம் முன்னால் அது நிற்க ஆரம்பித்தது. எந்த எச்சரிக்கையும் கிடையாது. திரை கறுக்கும், உள்ளே ஃபேன் அடங்கும், பிறகு தானாகவே உயிர் வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி கடவுச்சொல் கேட்கும்.

முதலில் சூடு என்று நினைத்தேன். பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பெயிண்ட் பிரஷால் தூசியெல்லாம் தட்டினேன். டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தேன். அப்படியும் ரெண்டரிங் நின்றது. ரேம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். மறுபடியும் நின்றது. விண்டோஸில் ஏதாவது கோளாறு என்றால் நீலத்திரையாவது வரும், என்ன பிழை என்று சொல்லும். தானாக ரீஸ்டார்ட் ஆவதை அணைத்து வைத்துக் காத்திருந்தேன். நீலமும் வரவில்லை, பிழையும் வரவில்லை. அப்படியானால் கரண்ட்தான் என்று பவர் சப்ளையை மாற்றினேன். புதுசும் அதே மாதிரி செத்துப் பிழைத்தது.

ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். "கல்யாணம் முடிஞ்சு பொண்ணு முழுகாம இருக்கா, வளைகாப்பும் வரும் போல இருக்கு. படம் எங்க?" என்றார். சிரிக்கிற மாதிரிதான் கேட்டார். அடுத்த இரண்டு கல்யாணத்தையும் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

பிடிபட்டது எப்படியென்றால், ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நிற்கும்போது அதன் ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. தலைக்கு மேலே இருந்த லைட் ஒரு முறை சுருங்கி விரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டர் உறுமியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் அரசு வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்குப் பின்னால் விளை, ரப்பர் தோட்டம். மதிலை ஒட்டி ஷெட் மாதிரி ஒரு புரை கட்டி, ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட்டாக அடிக்கிற ரோலர் மிஷின் போட்டிருந்தார். கையால் சுற்றிக்கொண்டிருந்த ரோலருக்கு அந்த வருஷம்தான் பெரிய மோட்டர் வைத்தார். அக்கம்பக்கத்து விளைக்காரர்களும் அவரிடம் கொண்டு வந்து அடித்துப் போனார்கள். அவருக்கும் எங்களுக்கும் ஒரே போஸ்ட்டிலிருந்து லைன். மோட்டர் கிளம்புகிற அந்த ஒரு கணம் எங்கள் வீட்டுக் கரண்டை இழுத்துக்கொள்ளும். என் யுபிஎஸ் சின்னது. ரெண்டரிங் ஓடுகிற நேரத்தில் அதற்குத் தாக்குப்பிடிக்கத் தெம்பு கிடையாது.

"பெரிய யுபிஎஸ்ஸா ஒண்ணு வாங்கிப் போட்டா தீந்துச்சு," என்றார் என் கணவர்.

"அவரு மோட்டருக்கு நான் எதுக்கு வாங்கணும்?" என்றேன்.

மறுநாளே போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். புரையில் பாலோடு வந்த நாலைந்து பேர் நின்றார்கள்.

"அண்ணே, மோட்டருக்குத் தனி லைன் ஈபியில எழுதிக் குடுத்தா கிடைக்கும். இதுல எனக்க சிஸ்டம் ஆஃப் ஆகி ஆஃப் ஆகிப் போவுது. அதுவரைக்கும் எப்ப போடுவியன்னு சொன்னா போதும். நான் சாயங்காலம் நாலு மணிக்கு மேலயாக்கும் ரெண்டரிங் போடுவேன்."

அவர் ரோலரிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்க வீட்டுல நான் மோட்டர் போட ஒனக்க கிட்ட வந்து உத்தரவு வாங்கணுமா பிள்ளே? ஒனக்க பெட்டிய மாத்து. கல்யாணத்துல ஆடுனவளப் பாத்துட்டு இருக்கியது ஒரு வேலையா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் தரையைப் பார்த்தார்.

நேரத்தை நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. அன்றிலிருந்து நாலு மணிக்கு மேல்தான் மோட்டர். போடுவார், அணைப்பார், போடுவார். முதலில் தற்செயல் என்றே நினைக்கப் பார்த்தேன். ஆனால் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை பிடித்துவிட்டால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுவிடும். அவர் விளையிலும் வெட்டு இல்லை. கொடியில் ஒரு ஷீட்டு கூடத் தொங்கவில்லை. பாலோடு ஒருவரும் வரவில்லை. அப்படியும் மோட்டர் சத்தம் கேட்டது.

மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். ரோலர் இரண்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஸ்விட்ச் மேல் வைத்து, என் ஜன்னலைப் பார்த்து நின்றார். லைட் சுருங்குகிறதா என்று பார்க்கிறார். சுருங்கியதும் அணைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் போட்டார்.

படியிறங்கி வந்தேன். அழுகை வரவில்லை. 'இருக்கட்டும்' என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். வெயில் இல்லாத அந்த நாட்களில் துணி காயப்போடும்போதும், மீன் கழுவும்போதும், கோவிலில் ஜெபத்துக்கு முழங்காலில் நிற்கும்போதும் அந்த ஒரு சொல்தான் என் வாயில் இருந்தது. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஃப்யூஸைப் பிடுங்கலாமா, புரைக்குள் கரையானை விடலாமா என்றெல்லாம் யோசித்தேன். எதுவும் போதவில்லை.

மழை விட்ட பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்களுக்கும் கார்டு வைத்தார்கள், அவர் அல்ல, அவர் மனைவி. நான் பட்டுச்சேலை கட்டிப் போய்க் கோவிலில் இருந்து, ஹாலில் சாப்பிட்டு, பெண்ணின் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டு வந்தேன். அந்தப் பெண் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கேமராவோடு நின்ற பையன்களைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. என் ஸ்டுடியோக்காரர்கள்! படம் பிடிப்பவர்களை அவருக்குத் தெரியும். படம் எங்கே வெட்டப்படுகிறது என்று அவருக்குத் தெரியாது.

ஸ்டுடியோக்காரரை நானே கூப்பிட்டேன். "இந்தக் கல்யாணத்த எனக்குத் தாங்கண்ணே. பக்கத்து வீடாக்கும். நல்லா செஞ்சு குடுக்கேன்."

நல்லாத்தான் செய்தேன். அதை விட நல்ல வேலை நான் செய்ததில்லை.

கோவில் வாசலிலிருந்து அவர் மகளைக் கைப்பிடித்து நடத்திக் கொண்டு வருகிறார். பையன்கள் மேல்தளத்திலிருந்து எடுத்த ஷாட்டைப் போட்டேன். அதில் பூவளைவு அவரைச் சரியாக மறைத்தது. பீடத்துக்கு முன்னால் மகளின் கையை மாப்பிள்ளையிடம் கொடுக்கிறார். நான் பெண்ணின் கண்ணை மட்டும் காட்டினேன். ஹாலில் அவர் மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் நன்றி சொல்கிறார். அந்த இடத்தில் பாடகர் குழுவின் பாட்டை முழுசாக விட்டேன். மேடையில் குடும்பப் படம் எடுக்க நிற்கும்போது கேக்குக்குப் போனேன். பந்தியில் சாம்பார் ஊற்றியவருக்கு இடம் கொடுத்தேன், வேன் டிரைவருக்குக் கொடுத்தேன். வாசலில் படுத்திருந்த நாய்க்குக் கூடக் கொடுத்தேன். அவர் மனைவி ராணி மாதிரி வந்தார். அவர் மட்டும் இல்லை. ஒரு இடத்தில் வாட்ச் கட்டிய ஒரு கை வரும். இன்னொரு இடத்தில் வெள்ளைச் சட்டைத் தோள். அவ்வளவுதான்.

ரெண்டரிங் போட்டேன். பக்கத்தில் கல்யாண வீடு, விருந்தாள் நிறைய. மோட்டர் ஓடவில்லை. ஒரு தடவை கூட நிற்காமல் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மதியம் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துப் பெரிய டிவியில் படம் போட்டார்கள். அவர்கள் ஜன்னல் திறந்திருந்தது. நான் என் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டேன். படம் எனக்கு மனப்பாடம். எந்தப் பாட்டில் எந்த முகம் வரும் என்று தெரியும். முதலில் ஒரே சிரிப்பு. "ஏட்டி, ஒனக்க மூஞ்சப் பாரு!" என்று யாரோ கத்தினார்கள். பாடகர் குழுவின் பாட்டு வந்ததும் அவர் குரல் கேட்டது.

"இங்க நானாக்கும் பேசுனேன். நான் எங்க?"

"இனி வரும், இரியுங்க," என்றார் அவர் மனைவி.

வரவில்லை. சிரிப்பு குறைந்தது. பிறகு டிவிச் சத்தம் மட்டும் கேட்டது. துருவி முடித்த பிறகும் நான் நின்று கேட்டேன். உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு சுகம்.

மறுநாள் காலையில் எங்கள் கேட்டில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நீயாக்கும் செஞ்சது, இல்லியா?"

"எதுண்ணே?"

"படம்."

"ஆமா, நான்தான் செஞ்சேன். நல்லா வந்திருக்கா?"

"நான் எங்க?"

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "சிஸ்டம் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருவுதுன்னு சொன்னேம்லா. அதுல கொஞ்சம் கொஞ்சம் போச்சுண்ணே. எது போச்சுன்னு நான் என்ன கண்டேன்?"

அவர் என்னையே பார்த்தார். ஷேவ் செய்யாத முகம். அவர் ஸ்டுடியோவில் போய்ப் புகார் சொல்லலாம். சொன்னால் மோட்டர் கதையையும் சொல்ல வேண்டும்.

"ஒனக்கு நல்ல நெஞ்சுறப்புதான் பிள்ளே," என்றார். போய்விட்டார்.

நான் தனி லைனைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் ஆட்கள் வந்து புரைக்குத் தனியாக வயர் இழுத்துப் புது மீட்டர் வைத்தார்கள். அன்று சாயங்காலம் மோட்டர் உறுமியபோது அடுக்களையில் நின்று பார்த்தேன். ஸ்டெபிலைசர் சும்மா இருந்தது. லைட்டும் அசையவில்லை.

சில நாள் கழித்து அவர் மனைவி ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார். "அவரு சொல்லிவிடல்ல. நானாக்கும் கேக்கேன். மோளு வெளிநாட்டுக்குப் போயிட்டா. அங்கருந்து டெய்லி கேக்கா, அப்பா ஏன் படத்துல இல்லன்னு. நான் என்னன்னு சொல்ல?"

அந்தப் பெண்ணுக்காகத்தான் ஹார்ட் டிஸ்க்கை மறுபடி எடுத்தேன். அவரை எல்லா இடத்திலும் போட்டேன். ஒன்றையும் விடவில்லை. சமையல்காரரிடம் கையை ஓங்கிச் சண்டை போட்டது, போதகர் பிரசங்கத்தில் வாய் திறந்து தூங்கியது, நன்றி சொல்லும்போது மாப்பிள்ளையின் அப்பா பெயரை மறந்து பக்கத்தில் கேட்டது, எல்லாவற்றையும் போட்டேன். கேட்டது அவர்கள்தானே!

இரண்டாவது கேமராவில் ஒரு துண்டு இருந்தது. முதல் தடவை நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. மணமக்கள் கார் கிளம்பிப் போன பிறகு, ஹாலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம். கேமராப் பையன் சும்மா தூரத்திலிருந்து எடுத்திருக்கிறான். அவர் தனியாக நிற்கிறார். கையில் மகள் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பழைய செருப்பு. வேட்டி நுனியால் ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். துடைத்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைக்குள் செருகப் பார்க்கிறார். தோள் குலுங்குகிறது. முகம் தெரியவில்லை.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மழையில் குடையைப் பிடித்து என் ஜன்னலைப் பார்த்து நின்றவரும் இவர்தான். அந்தத் துண்டைப் படத்தில் போடவில்லை.

மகள் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, அப்பா நல்லா வந்திருக்காங்க. தூங்கியதப் பாத்து எல்லாரும் சிரிச்சோம்," என்றாள். "நான் போறப்ப அப்பா வெளியவே வரல்ல. எங்க போனாங்கன்னு தெரியல. அது மட்டும் மனசுல இருக்கு."

"ஆட்கள் நிறைய இருந்தாங்கல்லா மக்கா. கூட்டத்துல எங்கயாவது நின்னிருப்பாங்க," என்றேன்.

ஸ்டுடியோவுக்கு ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் அந்தத் துண்டை மட்டும் என் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது. அவர் கேட்டால் கொடுப்பேன். ஆனால் அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. நானாகச் சொல்வதாகவும் இல்லை.