ஏப்பம் விடாத டிராக்டர்

பிறந்த குழந்தையைக்கூட அப்படிக் குளிப்பாட்ட மாட்டார்கள். பட்டறைக்குப் போக வேண்டும் என்றால், மினுக்கர் தன் பழைய டிராக்டரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுத்துவிடுவார். ஆயில் கசிகிறது என்று காட்டப் போகிற வண்டியில் கசிந்த தடம் ஒன்றுகூட இருக்காது. காய்ச்சல்காரன் ஐஸ்கட்டியில் படுத்து எழுந்து டாக்டரிடம் போன கதைதான்.

மினுக்கர் என்பது தெரு வைத்த பெயர். மூட்டை தூக்கிய தோளால் வாங்கிய டிராக்டர் அது. அப்பன் சொத்து இல்லை, மாமனார் கொடுத்ததும் இல்லை. நாலெழுத்துப் படித்தவர்கள் கைகட்டி நின்ற வயதில் இவர் ஸ்டியரிங் பிடித்தவர். அந்தப் பெருமையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உழப் போகிறவர் கஞ்சி போட்ட சட்டையும் முகம் நிறையப் பவுடருமாக ஏறி உட்கார்ந்தால், வரப்பில் மேய்கிற மாடுகூட ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கத்தானே செய்யும்?

"என் வண்டி ஏப்பம்கூட விடாது" என்பது டீக்கடையில் அவர் அளக்கும் பெருமை.

ஏப்பம் விடவில்லைதான். மற்றதெல்லாம் செய்தது. நிறுத்திய இடமெல்லாம் ஆயில் சொட்டியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் நீலநீலமாகக் கக்கியது. அது அடங்கும்வரை வாசலிலேயே ஓடவிட்டு, சூடேறிய பிறகுதான் தெருவில் இறக்குவார். பட்டறைக்குப் போனதும் வண்டி, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நிற்கும்.

"எங்கண்ணே கசியுது?" என்று மெக்கானிக் தலையைச் சொறிவார். "துடைச்சுக் கொண்டு வந்தா நான் என்ன ஜோசியமா சொல்ல முடியும்?"

"அழுக்கோட வந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நாலு பேரா வண்டியைப் பாக்கப் போறாங்க? நான் ஒருத்தன்தானே!"

குத்துமதிப்பாக முன்பக்க ஆயில் சீல் வளையத்தை மாற்றினார் மெக்கானிக். பின்பக்கம் கசிந்தது. பின்பக்கத்தையும் மாற்றினார். மேல்மூடி ஓரம் கசிந்தது. கடைசியில் கையை விரித்துவிட்டார். "காலையில நீலமா புகை வருதுன்னு அண்ணி சொல்றாங்க. நீலப்புகைன்னா எஞ்சின் ஆயிலைத் திங்குதுன்னு அர்த்தம். பிரிச்சுட வேண்டியதுதான்."

முதல் மழை பெய்து நிலம் உழவுக்குத் தயாராக இருந்தது. எஞ்சினைப் பிரித்தால் உழவு முடியும்வரை வண்டி பட்டறையில் கிடக்கும். மச்சினன் வேறு புது டிராக்டர் வாங்கி, கூப்பிட ஆளில்லாமல் டீக்கடை வாசலில் நிறுத்திவைத்திருந்தான். இவரை உழவுக்குக் கூப்பிடும் காட்டுக்காரர்கள் ஒரு தடவை அவனைக் கூப்பிட்டுவிட்டால் போதும், பிறகு திரும்பி வரமாட்டார்கள்.

மினுக்கரின் மனைவிக்கு அது புரிந்தது. "அவன் என் தம்பிதான். அதுக்காக அவன் வண்டியில நம்ம அடுப்பு எரியுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே, புருஷனுக்குத் தெரியாமல் மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

மறுநாள் காலை மினுக்கர் குளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் தன் வண்டி உறுமும் சத்தம் கேட்டது. பாதி முகத்தில் சோப்பும் இடுப்பில் துண்டுமாக ஓடிவந்தார். வாசல் முழுக்க நீலப்புகை. நடுவில் மெக்கானிக்.

"இதைத்தான் இத்தனை நாள் ஒளிச்சு வெச்சீங்களா? சரி, நேத்து கழுவினதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. அண்ணி, வீட்ல பவுடர் இருக்குமா?"

"எங்க வீட்லயா கேக்கறீங்க?" என்று அவள் பெரிய டப்பாவாகவே கொண்டுவந்தாள்.

"ஏய், அது என்னோடது!"

யார் கேட்டார்கள்? மெக்கானிக் எஞ்சினை நிறுத்தி, துடைத்திருந்த இடமெல்லாம் பவுடரைத் தூவி, மறுபடி ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் பழுப்புக் கோடுகள் இறங்கின. முன்னால், பின்னால், மேல்மூடியைச் சுற்றி, ஒரே நேரத்தில்.

"ஒரு இடத்துல கசிஞ்சா சீல் போச்சுன்னு சொல்லலாம். எல்லா இடமும் சேந்து அழுதா, உள்ள ஏதோ முட்டுது, வெளிய போக வழியில்ல." சொல்லிக்கொண்டே எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் பிரீதர் குழாயைத் தடவினார். எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறுகிற குழாய் அது.

"அங்க ஒண்ணுமில்ல, விடுங்க!" மினுக்கர் துண்டைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

ஸ்க்ரூடிரைவர் நுனியில் மாட்டி வந்தது, அழகாக மடித்துத் திணித்த துணி.

"இது உங்க கட்டம் போட்ட சட்டைக் காலர்!" என்றாள் மனைவி. "எலி கடிச்சுதுன்னு சொன்னீங்களே!"

"எல்லாம் உன் தம்பியாலதான்! அந்தக் குழாய்ல புகை வர்றதைப் பாத்துட்டு, 'மாமா, வண்டிக்கு வயிறு சரியில்லையா, பக்கவாட்டுல விடுது'ன்னான். டீக்கடையே சிரிச்சுது."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "வயசான எஞ்சின், கொஞ்சம் ஆவி விடத்தான் செய்யும். அதை அடைச்சா, கிடைச்ச இடுக்குல எல்லாம் ஆயிலைத் தள்ளும். மேல ஏறின ஆயில் எரிஞ்சு புகையும்."

"அப்ப எஞ்சினைப் பிரிக்க வேண்டாமா?"

"வேண்டாம். உங்களைத்தான் பிரிச்சுப் பாக்கணும். இனி அது புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டுக்கிட்டேதான் இருக்கும். மறுபடி அடைச்சீங்கன்னா பழைய இரும்புக்கடைக்குத்தான்."

காலரை மனைவி அடுப்பில் போட்டாள். பவுடர் டப்பா காலி. அன்று உழ வேண்டிய காட்டுக்கு வேறு வழியும் கிடையாது; டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். வெறும் முகத்தோடு மினுக்கர் வண்டியைத் தெருவில் இறக்கினார். குழாய் அடிக்கொரு தரம் புஸ்ஸென்றது. ஒவ்வொரு தடவையும் அவருடைய காதுமடல் சிவந்தது.

டீக்கடையில் மச்சினன் கிளாஸைக் கீழே வைத்தான். "என்ன மாமா, மறுபடியும் வயிறு சரியில்லையா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மினுக்கர் பிரேக்கை மிதித்தார். ஒரு கணம், கை தன்னையறியாமல் சட்டைக் காலருக்குப் போனது. இன்னொரு காலரைக் கிழித்துத் திணித்தால் இந்தச் சிரிப்பு நின்றுவிடும்; வண்டியும் நின்றுவிடும். கையை இறக்கிக்கொண்டார்.

"வேலை செஞ்சு வயிறார சாப்பிடற வண்டி ஏப்பம் விடும்டா மாப்பிள்ளே. உன்னோடது பட்டினி. எங்கிருந்து சத்தம் வரும்?"

பெஞ்சு சிரித்தது. ஆனால் இந்தத் தடவை மச்சினன் பக்கம் பார்த்து. மினுக்கர் கியர் போட்டு, காட்டுக்குப் போய், பொழுது சாயும்வரை உழுதார். வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டோ இரண்டு சொட்டோதான் கிடந்தது.

திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. பெருமை அப்படியேதான் இருக்கிறது. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டது. "ஏப்பம் விடாத வண்டியை நம்பவே கூடாது. உள்ள எதையோ ஒளிக்குது" என்று இப்போது டீக்கடையில் அவரே பாடம் நடத்துகிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து மச்சினன், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, தன் புது டிராக்டரின் பிரீதரிடம் குனிந்து காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.