அக்காவின் கலர்கட்டியும் நான் எழுதிய விண்ணப்பமும்

அக்காவின் முதலாண்டு நினைவுக்காக அச்சிடப்படும் இந்தச் சிறு மலரில், அவர் செய்த கலர்கட்டி என்ற இனிப்பின் செய்முறை கட்டாயம் இருக்க வேண்டும் என்று உறவினர்கள் பலர் அக்காவின் மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அதைத் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டவர்கள்தான் இவர்கள். கேட்டுவிட்டார்கள், தருகிறேன். அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். கேட்ட தகவலைக் கொடுக்காமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அதற்கு முன் அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் "இனிப்பின் இமயமே" என்று ஃபிளெக்ஸ் கட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்ததாகத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது மலைமேல் வாழவந்தி நாட்டில்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். அவர் மூத்தவர், நான் கடைக்குட்டி. இடையில் பிறந்த இருவர் தங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. யார் நிறுத்தியது என்று கேட்டால் யாருமில்லை. மரவள்ளிக்குக் களையெடுக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என்னை மட்டும் கீழே நாமக்கல்லில் விடுதியில் சேர்த்தார்கள். காரியத்தன்று பேசிய ஒருவர் இதை அக்காவின் தியாகம் என்றார். தியாகம் என்றால் செய்கிறவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அக்காவை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு அப்போது புதுச் சட்டை வந்திருந்தது.

வளப்பூர் நாட்டில் அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா நல்ல மனிதர். மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே போய்விட்டார். மகளுக்கு அப்போது ஏழு வயது. அதன்பிறகு பலாவும் மிளகும் கொஞ்சம் நெல்லுமாக அந்த நிலத்தை அக்கா தனியாகவே பார்த்தார். மகளைப் படிக்க வைத்துச் சேலத்தில் கட்டிக்கொடுத்தார். அந்த இருபது ஆண்டுகளில் உறவினர்கள் அந்த வீட்டு வாசலை மிதித்தது இரண்டு முறை. ஒன்று மாமாவின் சாவுக்கு, மற்றொன்று மகளின் கல்யாணத்துக்கு. இரண்டு முறையும் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனிக் கலர்கட்டி.

மகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில், அறுபது வயதுக்குமேல் அக்கா காணொளி பார்க்கப் பழகினார். அதில் யாரோ ஒரு பெண், நகத்துக்கு ஒரு நிறமாகப் பூசிக்கொண்டு, ஃபட்ஜ் என்று ஒன்றைச் செய்து காட்டினாள். பால் காய்ச்சவில்லை. பாகு பதம் பார்க்கவில்லை. கை ஓயக் கிளறவில்லை. இரண்டு சாமானை உருக்கி, சாயம் ஊற்றி, தட்டில் கொட்டிவிட்டுச் சிரித்தாள். இதை ஒரு பலகாரம் என்று நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. அக்காவிடமே சொன்னேன்.

"இதுல என்னக்கா வேலை இருக்குது? டின்னை ஒடைக்கத் தெரிஞ்சாப் போதும்."

"அதுக்குத்தான் பண்றேன் தம்பி. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சு போகுதில்ல. நான் இதுவரைக்கும் பண்ணதுல எதுடா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது?"

டின்னை எடுத்துக் கொடுத்தேன்.

செய்முறை கேட்டவர்கள் குறித்துக்கொள்ளலாம். இனிப்பு சேர்த்த கெட்டிப்பால் ஒரு டின். அதன் எடைக்குச் சற்றுக் கூடுதலாக வெள்ளைச் சாக்லேட், பொடியாக நறுக்கியது. ஒரு கரண்டி வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. கொதிக்கும் நீரின்மேல் வைத்த பாத்திரத்தில் இவற்றை உருக்க வேண்டும். அடுப்பில் நேராக வைத்தால் அடிபிடிக்கும். உருகியதும் இறக்கி இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் ரோஸ், மற்றதில் நீலம். இரண்டிலும் பஞ்சு மிட்டாய் எசென்ஸ் சில சொட்டு. நெய் தடவிய தட்டில் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றி, கரண்டிக் காம்பால் ஒரே ஒரு முறை சுழற்ற வேண்டும். இரண்டாம் முறை சுழற்றினால் எல்லாம் ஊதாவாகிவிடும். மேலே கலர் சர்க்கரை மணிகளைத் தூவி ஆறவிட்டால் முடிந்தது. சமவெளியில் இருப்பவர்களுக்குக் குளிர்பெட்டி தேவை. எங்கள் மலையில் ஆடிக்காற்றே போதும். அக்கா டின்னை அரிவாள் முனையால்தான் திறப்பார்.

அந்த எசென்ஸ்தான் விஷயம். ஆடித் திருவிழாவுக்கு நாங்கள் சிறுவயதில் நடந்தே போவோம். பஞ்சு மிட்டாய்க்காரன் சக்கரத்தைச் சுற்றும்போது பறக்கும் வாசனை இலவசம், அதை வயிறு முட்ட வாங்கிக்கொண்டு திரும்புவோம். அந்த வாசனை ஒரு சிறு பாட்டிலில் அடைத்துக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் அக்கா மகளிடம் சொல்லிச் சேலத்திலிருந்து வரவழைத்தார். முதல் தட்டு ஆறும்போது வீடு முழுக்க அந்த வாசனை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் சித்தப்பா மகன் அன்று வந்திருந்தான். லாரி வைத்திருந்தவன், ஃபிளெக்ஸ் கட்டியவனும் அவன்தான். தட்டைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"ஏனக்கா, சாயப்பட்டறைல வேலைக்குச் சேந்துட்டியா?"

"தின்னுபோட்டுப் பேசு."

ஒன்று தின்றான். இரண்டு தின்றான். ஆறாவது துண்டை வாயில் வைத்துக்கொண்டே, "ஒண்ணும் சொகமில்லக்கா" என்றான்.

"அப்பறம் எதுக்குத் தட்டை மடியில வெச்சிருக்கற? கீழ வெய்யி சாமி, கால் மரத்துப் போயிரும்."

இப்படியே போயிருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு அக்காவின் சிறுநீரகம் பழுது என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கிப் போய், இரத்தச் சுத்திகரிப்பு முடித்து, அதே எழுபதையும் ஏறி வர வேண்டும். வாந்தி வந்தால் பிடிக்கக் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வருவார். மருத்துவர் அவரிடம் மறைக்கவில்லை. அதிகம் போனால் ஓராண்டு என்றார். அன்று மலை ஏறும் வழியில்தான் அக்கா தன் வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டார்.

"தம்பி, இந்த ஆடிக்கு நோம்பில ஒரு கடை போடோணும்."

"என்ன கடை?"

"கலர்கட்டிதான். ஒரே ஒரு நாள். நாம எப்பப் போனாலும் மேசைக்கு இந்தப் பக்கமேதான் நின்னிருக்கறோம். ஒருக்கா அந்தப் பக்கம் நின்னு பாக்கோணும். நீதான் ஆபீசு வேலையெல்லாம் தெரிஞ்சவனாச்சே, எழுதிக் குடு கண்ணு."

செய்தி பரவியதும் சித்தப்பா மகன் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "ஆபீசரோட அக்கா மிட்டாய் வித்தா நாங்க ஊருக்குள்ள தலைநிமுந்து நடக்கறதா?" என்று கேட்டான். அவன் நடந்து நான் பார்த்ததில்லை, எங்கும் வண்டிதான். அவனைத் திருப்பி அனுப்பினேன். அதற்காக என்னைப் புகழ வேண்டாம். மேலே படியுங்கள்.

திருவிழாவில் உணவுக்கடை போட என்னென்ன வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். உணவுப் பாதுகாப்புப் பதிவு, தொற்றுநோய் இல்லை என்ற மருத்துவச் சான்று, புகைப்படம் இரண்டு, அடையாள அட்டை நகல், இட ஒதுக்கீட்டு விண்ணப்பம். எல்லாவற்றையும் வரிசைப்படி சேர்த்தேன். அந்த ஆண்டுதான் பஞ்சு மிட்டாயில் துணிச்சாயம் கலக்கிறார்கள் என்று தடை வந்திருந்தது. அதனால் அக்காவின் பழைய கலர் பாட்டில்களைத் தூக்கியெறிந்துவிட்டு, உணவுக்கு அனுமதிக்கப்பட்ட வண்ணம்தானா என்று முத்திரையைப் பார்த்து நானே புதிதாக வாங்கி வந்து, அதில் செய்த சில துண்டுகளை மாதிரியாக இணைத்தேன். ஆகவே சரக்கில் குற்றமில்லை.

விண்ணப்பத்தில் ஒரு பத்தி: விற்கப்படும் பொருளின் பெயரும் விவரமும்.

பால் இனிப்பு என்று எழுதியிருக்கலாம். அது பொய்யில்லை. பாலும் இருந்தது, இனிப்பும் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் அப்படி இரண்டு சொல்லில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் டின்னை உடைத்து ஊற்றும் ஒன்றுக்கு அந்த மரியாதையைக் கொடுக்க என் பேனா வளையவில்லை. அழகான கையெழுத்தில் இப்படி எழுதினேன்: "செயற்கை வண்ணமும் செயற்கை மணமும் சேர்த்த சர்க்கரைக் கட்டி." எழுதிவிட்டு மனதுக்குள் சிரித்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. ஏளனம்தான்.

பத்து நாளில் சிவப்பு மையில் பதில் வந்தது. வண்ணம் கலந்த மிட்டாய்க்கு இவ்வாண்டு அனுமதியில்லை. அன்றே, வட்டாட்சியர் அலுவலகத்தில் கடைகளுக்கு இடம் ஒதுக்கும் பிரிவின் எழுத்தர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கரூர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்திருந்த இளைஞர்.

"சார், சாம்பிள் பாத்தேன் சார். எல்லாம் சரியாத்தான் இருக்குது. அந்த ஒரு வரிதான். 'பால் இனிப்பு'ன்னு மாத்தி எழுதிக் கொண்டாந்துருங்க, உடனே போட்டுத் தர்றேன்."

"நான் எழுதுனதுல தப்பு இருக்குதா தம்பி?"

"தப்புன்னு இல்லீங்க சார்..."

"அப்பறம் எதுக்கு மாத்தோணும்?"

"கடைசி நாள் வரைக்கும் டைம் இருக்குதுங்க சார், யோசிச்சுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். நான் யோசிக்கவில்லை. என் எழுத்தை யாரும் திருத்தி எனக்குப் பழக்கமில்லை. என் கீழ் வேலை செய்தவர்களின் எத்தனையோ விண்ணப்பங்களை ஒரு சொல்லுக்காகத் திருப்பி அனுப்பியவன் நான். அவர்களில் எவரும் என்னிடம் இப்படிக் கேள்வி கேட்கவில்லை. பேசாமல் திருத்திக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு அது தேவையாக இருந்தது.

அக்கா கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"எடமில்லையாமா."

"எடமில்லாட்டி அவங்கதான் என்ன பண்ணுவாங்க" என்றார். அன்று செய்து வைத்திருந்த ஒரு தட்டுக் கலர்கட்டியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்.

ஆடித் திருவிழாவுக்கு என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். கால் வீங்கியிருந்தது, செருப்பு நுழையவில்லை. கடைவரிசையில் மெதுவாக நடந்தோம். வளையல் கடைக்கும் பலூன் கடைக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. தரையில் சுண்ணாம்பால் கட்டம் கட்டி எண் போட்டிருந்தார்கள்.

அக்கா நின்றுவிட்டார். "ஏன் தம்பி, எடமில்லைன்னாங்களே?"

"புடிச்சவங்க வரலையாட்டம் இருக்குதுக்கா."

"ஐயோ பாவம். ஆருக்கு மேலுக்கு முடியலையோ என்னமோ."

சொல்லிவிட்டு அந்தக் கட்டத்துக்குள் போனார். மேசை இருந்திருந்தால் அதற்குப் பின்னால் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். முந்தானையைச் சரி செய்துகொண்டார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் அருகில் வந்து, "ஏனுங்க, இங்க என்ன விக்கறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா நிக்கறேன்" என்றார் அக்கா.

தை பிறந்து நாமக்கல் மருத்துவமனையில் அவர் மறைந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள். கடைசி வரை அக்கா அந்தக் கடையைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை. இதுவரை எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் மகளிடம் படித்துக் காட்டினேன். "போடுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு இரண்டு வாரமாக என் அழைப்பை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் நன்றி கூறுவது முறை. காரியத்துக்கு வந்தவர்கள், மாலை போட்டவர்கள், ஃபிளெக்ஸ் கட்டியவர்கள் எல்லாரும் தங்களுக்கு நேரம் கிடைத்தபோது தங்களுக்கு வசதியானதைச் செய்தார்கள். அவர்களுக்கு வணக்கம்.

நன்றி ஒருவருக்குத்தான். காரியம் முடிந்து, வாரிசுச் சான்று தொடர்பாக அந்த அலுவலகத்துக்குப் போனபோது எழுத்தரைப் பார்த்தேன். அந்தக் காலி இடத்தை யார் பிடித்திருந்தார்கள் என்று கேட்டேன். அவர் தயங்கிவிட்டுச் சொன்னார்: "யாரும் புடிக்கலீங்க சார். அம்மாவுக்காகத்தான் வெச்சிருந்தேன். நீங்க அந்த வரிய மாத்திட்டு வருவீங்கன்னு நெனச்சு, கேட்டவங்களுக்கெல்லாம் இல்லைன்னுட்டேன்." ஒதுக்கீடு ஆகாத இடத்தை வாய்மொழியாக நிறுத்தி வைப்பது நடைமுறைக்கு விரோதம். அவர் பெயரை இங்கே எழுதினால் அவரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். எனவே எழுதவில்லை.